தேநீர்ப் பெட்டியும் புளியங்கொட்டையும்: அமெரிக்க விடுதலைப் போரைக் கற்பிக்க ஐந்து செயல்பாடுகள்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் பாடநூலில் உள்ள ‘புரட்சிகளின் காலம்’ என்ற பாடம் நம் எல்லோருக்கும் நன்கு தெரிந்ததுதான். சர்க்கரைச் சட்டம், முத்திரைத்தாள் சட்டம், டவுன்ஷெண்ட் சட்டங்கள், பாஸ்டன் தேநீர் விருந்து, பிலடெல்பியா மாநாடு எனப் பெயர்களும் ஆண்டுகளும் அதில் வரிசைகட்டி நிற்கும். மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால், “அந்த மக்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள்?” என்று கேட்டால், “வரி போட்டாங்க” என்பதற்கு மேல் பதில் வராது.

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இப்பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். செயல்பாடு என்றதும் வேடமிட்டு நடிப்பதும் சார்ட் அட்டையில் படம் ஒட்டுவதும்தான் நம் நினைவுக்கு வரும். அவையும் வகுப்பறைக்கு உயிரூட்டும். எனினும் ஒரு செயல்பாடு வரலாற்றைக் கற்பிக்க வேண்டுமானால் அதன் நடுவில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். அதற்கான விடை பாடநூலின் ஒரே வரியில் கிடைத்துவிடக் கூடாது. கையில் உள்ள சான்றை வைத்து மாணவர் வாதிட வேண்டும்; புதிய சான்று வந்தால் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இடம் இருக்க வேண்டும். அப்படி என் வகுப்பில் பயன் தந்த ஐந்து செயல்பாடுகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். ஒரு படத்தின் நகல், துண்டுச் சீட்டுகள், கயிறு, புளியங்கொட்டை ஆகியவை போதும். பெரிய செலவு எதுவும் இல்லை.

செயல்பாடு 1: படம் சொல்வது உண்மையா?

நேரம்: ஒரு பாடவேளை
தேவை: பால் ரிவியர் செதுக்கிய ‘பாஸ்டன் படுகொலை’ படத்தின் நகல், குழுவுக்கு ஒன்று

1770 மார்ச் 5 அன்று பாஸ்டன் நகரில் பிரிட்டிஷ் வீரர்கள் சுட்டதில் ஐந்து பேர் உயிரிழந்தனர். அடுத்த மூன்று வாரங்களுக்குள் பால் ரிவியரின் படம் அச்சாகி விற்பனைக்கு வந்துவிட்டது.

முதலில் தலைப்பு எதுவும் சொல்லாமல் படத்தைக் கொடுங்கள். இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் பார்க்க வேண்டும். பிறகு நோட்டில் மூன்று பத்திகள் வரைந்து, ‘நான் காண்பது’, ‘நான் ஊகிப்பது’, ‘நான் கேட்க விரும்புவது’ என எழுதச் சொல்லுங்கள். வீரர்கள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுகிறார்கள், பின்னால் நிற்கும் அதிகாரி வாளை உயர்த்தி ஆணையிடுகிறார், எதிரே நிற்கும் மக்கள் வெறுங்கையோடு இருக்கிறார்கள், ஒரு நாய் நிற்கிறது என்று குழந்தைகள் அடுக்குவார்கள். வீரர்களுக்குப் பின்னால் உள்ள கட்டடத்தில் ‘கசாப்புக்காரரின் கூடம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பலகை இருக்கிறது. அதையும் யாரேனும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்து, நீதிமன்றத்தில் வெளிவந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அது இருட்டிய பிறகு நடந்தது. கூட்டத்திலிருந்து பனிக்கட்டிகளும் தடிகளும் வீசப்பட்டன. சுடச் சொன்னது யார் என்பதில் சாட்சிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டனர். வீரர்களுக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ். பின்னாளில் விடுதலைப் போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவராகவும் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவராகவும் ஆனவர். அதிகாரி விடுவிக்கப்பட்டார். எட்டு வீரர்களில் ஆறு பேர் விடுவிக்கப்பட, இருவர் மட்டும் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டனர்.

இப்போது மறுபடியும் படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். “படம் பொய்யா?” என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஐந்து பேர் இறந்தது உண்மை. வரைந்த விதத்தில் ஒரு நோக்கம் இருக்கிறது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பற்றிய பேச்சும் தானாக எழும். அதைத் தடுக்க வேண்டாம். பாடம் அங்கேதான் வேர்விடுகிறது.

செயல்பாடு 2: விலை குறைந்த தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்?

நேரம்: ஒரு பாடவேளை
தேவை: ஐந்து துப்புச் சீட்டுகள்

1773 டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. எடை 40 டன்னுக்கும் மேல். விலையேற்றத்தை எதிர்த்து நடந்த போராட்டம் என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் அந்த ஆண்டின் தேயிலைச் சட்டத்தால் விலை குறையவே இருந்தது. இந்தப் புதிரைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, துப்புச் சீட்டுகளை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகக் கொடுங்கள்.

சீட்டு 1: 1767இல் கண்ணாடி, ஈயம், வண்ணம், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு வரி வந்தது. 1770இல் மற்றவற்றுக்கு வரி நீக்கப்பட்டது. தேயிலைக்கு மட்டும் நீடித்தது.
சீட்டு 2: குடியேற்ற மக்களில் பலர் டச்சுக்காரர்களிடமிருந்து கடத்திவரப்பட்ட தேயிலையை வாங்கி வந்தனர்.
சீட்டு 3: 1773 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி நேரடியாக அமெரிக்காவில் விற்க வழிசெய்தது. விலை குறையும், பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸ் வரி தொடரும்.
சீட்டு 4: கம்பெனி நியமித்த முகவர்கள் மட்டுமே அதை விற்க முடியும். உள்ளூர் வணிகர்களுக்கு இடமில்லை.
சீட்டு 5: வரி விதித்த பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் குடியேற்றங்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இல்லை.

ஒவ்வொரு சீட்டுக்குப் பிறகும் குழு தன் விடையை ஒரு வரியில் எழுதி வைக்க வேண்டும். முன்பு எழுதியதை அடிக்கக் கூடாது. அதன் கீழேயே புதிய வரியை எழுத வேண்டும். முடிவில் ஐந்து வரிகளையும் சேர்த்துப் படிக்கும்போது தங்கள் எண்ணம் எப்படி மாறியது என்பது அவர்களுக்கே தெரிகிறது. “விலை குறைஞ்சாலும் நம்மளக் கேக்காம போட்ட வரியை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல” என்று ஒரு மாணவர் சொன்னால் போதும்; ‘பிரதிநிதித்துவம் இல்லையேல் வரி இல்லை’ என்ற முழக்கத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. கடத்தல் வணிகர்களின் லாபமும் இதில் கலந்திருக்கிறது என்று வேறொரு குழு வாதிடும். அதுவும் சரியான பார்வையே. இரண்டையும் கரும்பலகையில் எழுதுங்கள்.

நம் மாணவர்கள் அது அசாம் தேயிலை அல்லது நீலகிரித் தேயிலை என்று நினைத்துக்கொள்வதுண்டு. கொட்டப்பட்டது சீனத் தேயிலை. இந்தியாவில் தேயிலைத் தோட்டங்கள் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

செயல்பாடு 3: ஒரே கயிறு, இரண்டு கரைகள்

நேரம்: அரைப் பாடவேளை
தேவை: வகுப்பறையின் குறுக்கே கட்ட ஒரு கயிறு, துணி மாட்டும் கிளிப்புகள், இரு நிறச் சீட்டுகள்

பாஸ்டனுக்குத் தேயிலை அனுப்பிய கம்பெனியும், புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து நம் பகுதியைப் பிடித்த கம்பெனியும் ஒன்றே. மாணவர்கள் எட்டாம் வகுப்பில் கம்பெனியைப் படிக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் அமெரிக்காவைப் படிக்கிறார்கள். இரண்டும் ஒரே காலம் என்பது பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கிறது. கயிற்றின் மேற்புறம் அமெரிக்க நிகழ்வுகளை ஒரு நிறத்திலும், கீழ்ப்புறம் இந்திய நிகழ்வுகளை மறு நிறத்திலும் மாட்டச் செய்யுங்கள்.

1773: மேலே தேயிலைச் சட்டம்; கீழே ஒழுங்குமுறைச் சட்டம். கம்பெனியின் பண நெருக்கடியே இரண்டுக்கும் பின்னணி.
1776: மேலே விடுதலைப் பிரகடனம்.
1780: கீழே காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படையை மைசூர்ப் படை முறியடித்தது; வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார்.
1781: மேலே யார்க்டவுனில் காரன்வாலிஸ் படையின் சரணடைவு.
1782: மேலே பென்சில்வேனியாவின் ‘ஹைதர் அலி’ என்ற போர்க்கப்பல் பிரிட்டிஷ் கப்பலான ‘ஜெனரல் மங்க்’கைக் கைப்பற்றியது.
1783: மேலே பாரிஸ் உடன்படிக்கை.
1786: கீழே அதே காரன்வாலிஸ் இந்தியாவின் தலைமை ஆளுநர்.
1792: கீழே ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை.
1799: கீழே கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.
1801: கீழே மருது சகோதரர்களின் திருச்சிராப்பள்ளிப் பிரகடனம்.

அமெரிக்கர்கள் தங்கள் கப்பலுக்கு ஹைதர் அலியின் பெயரை ஏன் வைத்தார்கள் என்பது மாணவர்களை நெடுநேரம் பேச வைக்கும் கேள்வி. “அங்கே தோற்றவரை இங்கே ஏன் தலைமைப் பதவிக்கு அனுப்பினார்கள்?” என்பது அடுத்த கேள்வி. பாடம் முடியும்வரை கயிறு கட்டியபடியே இருக்கட்டும்.

செயல்பாடு 4: ஆலோசனை சொல்லுங்கள்

நேரம்: ஒரு பாடவேளை
தேவை: நான்கு ஆள் சீட்டுகள்

விடுதலைப் போரில் எல்லோரும் ஒரே பக்கம் நின்றதாக நினைப்பது எளிது. அதைக் கேள்விக்கு உட்படுத்துவதே இதன் நோக்கம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சீட்டு. குழு அந்த மனிதராக நடிக்க வேண்டியதில்லை. அவருக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். இந்த விதி முக்கியமானது; காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

முதல் சீட்டு, லண்டனோடு வணிகம் செய்யும் நியூயார்க் வணிகர். மன்னர்மீது விசுவாசம் உள்ளவர். தன் கடை எரிக்கப்படுமோ என்று அஞ்சுகிறார். இரண்டாவது, வர்ஜீனியாவில் அடிமைப்படுத்தப்பட்ட ஓர் இளைஞர். கிளர்ச்சியாளர்களிடமிருந்து தப்பிவந்து மன்னரின் படையில் சேர்வோருக்கு விடுதலை என்று 1775 நவம்பரில் ஆளுநர் டன்மோர் அறிவித்ததைக் கேள்விப்படுகிறார். மூன்றாவது, ஆறு நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு பூர்வகுடித் தலைவர். அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று 1763இல் பிரிட்டிஷ் மன்னர் ஆணையிட்டார்; குடியேறியவர்களோ அதை மதிக்கவில்லை. நான்காவது, கணவர் படைக்குப் போய்விட்டதால் பண்ணையைத் தனியே நடத்தும் பெண்.

பத்து நிமிடம் பேசியபின் ஒவ்வொரு குழுவும், “நாங்கள் அவருக்குச் சொல்வது இது, காரணம் இது, இதில் உள்ள ஆபத்து இது” என மூன்று வரிகள் சொல்ல வேண்டும். பிற குழுக்கள் ஒரு கேள்வி கேட்கலாம். இரண்டாவது சீட்டு வரும்போது வகுப்பில் அமைதி நிலவும். விடுதலைக்காகப் போரிடுவோரிடமிருந்து தப்பி, மன்னரிடம் விடுதலை தேடிப்போகும் நிலை ஒருவருக்கு ஏன் வந்தது? மன்னர் தரப்பும் அடிமை முறையையே ஒழிப்பதாகச் சொல்லவில்லையே? இவற்றுக்கு எளிய விடை இல்லை.

முடிவில் நடந்ததைச் சொல்லுங்கள். ஆறு நாடுகளும் பிளவுபட்டன. மோஹாக்குகளில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் பக்கமும் ஒனைடாக்களில் பெரும்பாலோர் அமெரிக்கர் பக்கமும் நின்றனர். புதிய சட்டங்கள் எழுதும்போது பெண்களை மறந்துவிட வேண்டாம் என்று அபிகெய்ல் ஆடம்ஸ் 1776 மார்ச்சில் கணவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கணவர் முதல் செயல்பாட்டில் வந்த வழக்கறிஞர் ஜான் ஆடம்ஸ்தான். அவர் அதைச் சிரித்துத் தள்ளினார்.

செயல்பாடு 5: முப்பத்தொன்பது புளியங்கொட்டைகள்

நேரம்: ஒரு பாடவேளை
தேவை: குழுவுக்கு 39 புளியங்கொட்டைகள்

என் வகுப்பில் மாணவர்களை மிகவும் யோசிக்க வைப்பது இதுவே. விடுதலைப் பிரகடனம் சொல்வதன் சாரத்தைத் தமிழில் கரும்பலகையில் எழுதுங்கள்: மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், ஆளப்படுவோரின் சம்மதத்திலிருந்தே அரசுக்கு அதிகாரம் வருகிறது. பிறகு கொட்டைகளைக் கொடுங்கள். 1790இல் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்க மக்கள் சுமார் 39 லட்சம். ஆகவே ஒரு கொட்டை என்பது ஒரு லட்சம் பேர்.

“யாருடைய சம்மதம் கேட்கப்பட்டது?” என்று கேட்டபடி ஒவ்வொரு பிரிவாக எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். அடிமைப்படுத்தப்பட்டவர்கள் சுமார் 7 லட்சம், ஏழு கொட்டைகள். வெள்ளையினப் பெண்களும் சிறுமியரும் பதினைந்தரை; ஒரு கொட்டையை உடைக்க வேண்டியிருக்கும். மீதி அரைக் கொட்டை, பெரும்பாலும் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள். அவர்களில் மிகச் சிலருக்கே வாக்கு இருந்தது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட வெள்ளையினச் சிறுவர்கள் எட்டு. இப்போது மேசையில் எஞ்சியிருப்பவை எட்டு. அதிலும் 21 வயது நிரம்பாதவர்களையும், பெரும்பாலான மாநிலங்களில் சொத்து இல்லாதவர்களையும் கழிக்க வேண்டும். எத்தனை என்று நான் சொல்வதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பூர்வகுடி மக்களில் பெரும்பாலோர் இந்த 39 கொட்டைகளிலேயே இல்லை. அவர்கள் எண்ணப்படவே இல்லை.

ஒருமுறை இந்த இடத்தில் ஒரு மாணவி கேட்டார்: “டீச்சர், எல்லாரும்னு எழுதும்போது இந்தக் கொட்டையெல்லாம் எங்க இருந்துச்சு?” அதற்குமேல் நான் விளக்க எதுவும் இல்லை. பிரகடனத்தின் வரைவை எழுதிய தாமஸ் ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர் என்ற செய்தியை மட்டும் சொன்னேன்.

ஆனால் இங்கேயே நிறுத்திவிட்டால், அது வெறும் பொய்யான பிரகடனம் என்ற எண்ணம் மட்டுமே மிஞ்சும். அடுத்த படியும் அவசியம்: கொட்டைகளைத் திரும்ப வைப்பது. மாசசூசெட்ஸில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த எலிசபெத் ஃப்ரீமன் என்ற பெண், எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று அம்மாநில அரசியலமைப்பு சொல்கிறதே என்று காட்டி 1781இல் வழக்குத் தொடுத்து விடுதலை பெற்றார். 1848இல் செனிகா ஃபால்ஸில் கூடிய பெண்கள் அதே விடுதலைப் பிரகடனத்தை முன்மாதிரியாகக் கொண்டு, பெண்களையும் சேர்த்துத் தங்கள் பிரகடனத்தை எழுதினர். 1865இல் அடிமை முறை ஒழிந்தது. 1870இல் இனத்தைக் காரணம் காட்டி ஆண்களுக்கு வாக்குரிமை மறுப்பது தடைசெய்யப்பட்டது. 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. 1924இல் பூர்வகுடி மக்கள் அனைவருக்கும் குடியுரிமை கிடைத்தது. சட்டத்தில் இருந்தும் நடைமுறையில் பறிக்கப்பட்ட உரிமையைக் காக்க 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

ஒவ்வோர் ஆண்டைச் சொல்லும்போதும் உரிய கொட்டைகளை ஒரு மாணவர் மேசைக்கு நகர்த்த வேண்டும். பூர்வகுடி மக்களுக்காகப் புதிதாகக் கொட்டை கேட்பார்கள், கொடுங்கள். ‘எல்லோரும்’ என்ற ஒரு சொல்லுக்குள் எல்லோரும் வந்துசேர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை அவர்களே கணக்கிடட்டும். நம் நாட்டில் 1951–52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை இருந்ததை இதனோடு ஒப்பிடச் சொன்னால், குடிமையியல் பாடமும் உடன் வந்து சேரும்.

ஓர் எச்சரிக்கை

அடிமை முறையைக் கற்பிக்கும்போது எந்த மாணவருக்கும் அடிமை வேடம் தராதீர்கள். யாரையும் முதலாளியாகவும் நிறுத்தாதீர்கள். நம் வகுப்பறைக்குள் சாதி இல்லை என்று நாம் நினைத்துக்கொள்ளலாம். மாணவர்கள் அப்படி நினைப்பதில்லை. யாருக்கு எந்த வேடம் கிடைத்தது என்பது இடைவேளையில் கேலியாக மாறலாம். அந்தக் காயம் பாடம் முடிந்த பிறகும் ஆறாது. நான்காம் செயல்பாட்டில் நடிப்பைத் தவிர்த்து ஆலோசனை கேட்டதும், ஐந்தாம் செயல்பாட்டில் பிள்ளைகளை நிறுத்தாமல் கொட்டைகளைப் பயன்படுத்தியதும் இதனால்தான். எண்ணிக்கையும் அநீதியும் மனத்தில் பதிய வேண்டும்; எந்தக் குழந்தையும் அவமானப்படக் கூடாது. ஒதுக்கப்படுவது பற்றிப் பேச்சு எழும்போது சிலர் தம் அனுபவத்தைச் சொல்ல முன்வரலாம். சொன்னால் கேளுங்கள், சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம்.

தொடக்க வகுப்புகளுக்கு

நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு முதல் செயல்பாட்டை எந்த வரலாற்றுப் படத்தைக் கொண்டும் செய்யலாம். மூன்று பத்திகளில் முதல் இரண்டு போதும். கணக்கோடு இணைக்க மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு ஏற்றது. பேருந்தில் இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1 அன்று கைதானார். டிசம்பர் 5 அன்று தொடங்கிய புறக்கணிப்பு 1956 டிசம்பர் 20 வரை நீடித்தது. எத்தனை நாள் நடந்தே போனார்கள் என்று கணக்கிடச் சொல்லுங்கள். 1956 லீப் ஆண்டு என்பதைக் கவனித்தவர்களுக்கு 381 என்ற விடை கிடைக்கும். “பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? அத்தனை நாள் நடப்பீர்களா? எதற்காக என்றால் நடப்பீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.

மதிப்பீடும் நேரமும்

ஐந்து செயல்பாடுகளுக்கும் நான்கரைப் பாடவேளை ஆகும். நேரம் இல்லாதவர்கள் இரண்டாவதையும் ஐந்தாவதையும் மட்டும் செய்யலாம். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ஒரு சீட்டில் இந்த வாக்கியத்தை நிரப்பி வாங்குங்கள்: “முன்பு நான் … என நினைத்தேன். இப்போது … என நினைக்கிறேன். காரணம் ….” ‘காரணம்’ என்ற இடத்தில் ஒரு சான்று இருந்தால் கற்றல் நடந்திருக்கிறது. இச்சீட்டுகளை வளரறி மதிப்பீட்டுக்கான பதிவாகவும் வைத்துக்கொள்ளலாம். ஐந்து மதிப்பெண் வினாவுக்கும் இதனால் இழப்பு இல்லை. தேயிலைப் புதிரை விடுவித்த மாணவருக்குப் போருக்கான காரணங்களைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. மெல்லக் கற்கும் மாணவர்களும் கயிற்றைப் பார்த்தே ஆண்டுகளை வரிசைப்படுத்திவிடுகிறார்கள்.

அமெரிக்கா நம் மாணவர்களுக்குத் தொலைதூர நாடு. ஆனால் யாரைக் கேட்டு இந்த முடிவு எடுத்தார்கள், ‘எல்லோரும்’ என்பதில் யார் இல்லை, இந்தப் படத்தை யார் எதற்காக வரைந்தார்கள் என்ற மூன்று கேள்விகளும் எந்த ஊருக்கும் பொருந்தும். அடுத்து பிரெஞ்சுப் புரட்சியைத் தொடங்கும் நாளில் இந்த மூன்றையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துவிடுங்கள். மாணவர்களே அவற்றைக் கேட்கத் தொடங்குவார்கள்.